கொல்லிமலையில் மூன்றாவது வண்டி

அவன் வருகிறான் என்று தெரிந்துதான் நான் பெயர் கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மலை பார்க்கவோ, காற்று வாங்கவோ, மனசை லேசாக்கிக்கொள்ளவோ நான் அந்தப் பயணத்துக்குப் போகவில்லை. நெய்வேலியிலிருந்து பத்து மோட்டார் சைக்கிள், முன்னால் வழிகாட்ட ஒரு கைடு, கடைசியில் அவருடைய ஆள் ஒருவர், இரண்டு நாள், கொல்லிமலை, எழுபது கொண்டை ஊசி வளைவு. இப்படி ஒரு விளம்பரம் எங்கள் டவுன்ஷிப் வாட்ஸாப் குழுவில் வந்தது. அதற்குக் கீழே முதல் ஆளாக 'நான் ரெடி' என்று போட்டிருந்தது என் முன்னாள் கணவன். அன்று மதியமே நான் கைடுக்கு போன் செய்துவிட்டேன்.

'அவர்' என்று சொல்லிப் பழகிய வாய் இது. கல்யாணமான நாளிலிருந்து விவாகரத்து வரை அவர், அவங்க என்றுதான் பேசினேன். கோர்ட்டில் கூட அப்படித்தான். இங்கே அவன் என்றே எழுதப்போகிறேன்.

நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். பார்மசி டிப்ளமோ படித்திருக்கிறேன். அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாகவே சேர்ந்து கான்ட்ராக்ட் ஆளாகவே ஓய்ந்தவர். அதனால் எனக்கு ஒரு பர்மனெண்ட் மாப்பிள்ளை அமைந்தபோது எங்கள் தெருவே கல்யாண வீடு மாதிரி ஆனது. அவன் தென்பக்கத்திலிருந்து வந்து டவுன்ஷிப்பில் குடியேறிய குடும்பம். சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் ஷிப்ட் வேலை. குவார்ட்டர்ஸ், வாசலில் பலா மரம், பின்னால் கொய்யா. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை அவன் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. அந்த நியாயத்தை அவனுக்குக் கொடுத்துவிடுகிறேன். அவன் சொன்ன குறை வேறு.

அவனுக்கு வண்டிப் பைத்தியம். கல்யாணமான புதிதில் என்னைப் பின்னால் உட்கார வைத்து ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனான். அதற்கு முன் நான் மலையைப் பக்கத்தில் பார்த்ததே இல்லை. எங்கள் ஊரில் உயரம் என்றால் சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்மேடுதான். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய, நான் பயந்துபோய் மறுபக்கம் விறைத்துக்கொண்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"மூட்டை மாதிரி உக்காராதடி. வண்டி எப்படித் திரும்பும்?" என்றான்.

அன்றைக்கு அது புதுப் பெண்டாட்டியைக் கிண்டல் செய்வதாகத்தான் எனக்குக் கேட்டது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் போகவில்லை. மூட்டை, சாவி எங்க? மூட்டை, தண்ணி கொண்டா. நண்பர்கள் வந்தால், "நம்ம மூட்டை போடுற காபியக் குடிச்சிட்டுப் போங்கடா." என் பெயர் சொல்லி அவன் கடைசியாகக் கூப்பிட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தால் நினைவு வரவில்லை.

பிரிவதற்குப் பேச இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் குவார்ட்டர்ஸ் கூடத்தில் உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. எனக்கும் ஒன்று. பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்கிற வீட்டுப் பெண் ஒருத்தியோடு அவனுக்குப் பழக்கம் ஏற்பட்டிருந்தது எனக்குத் தெரியும், அங்கிருந்த பாதிப் பேருக்கும் தெரியும். ஆனால் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஒரு மலைக்குக் கூட்டிட்டுப் போக முடியாதுங்க இவள. ஒரு சந்தோஷம் கிடையாது. பின்னாடி மூட்டைய வச்சிக்கிட்டு எத்தன வருஷங்க ஒருத்தன் வண்டி ஓட்டுவான்?" என்றான்.

கூடம் சிரித்தது. பெரிய சிரிப்பு இல்லை. இறுக்கமாக இருக்கிற இடத்தில் யாராவது ஏதாவது சொன்னால் வருமே, அந்த மாதிரி. என் தாய்மாமனும் சிரித்தார். என் பக்கம் பேச வந்தவர் அவர். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார், உடனே வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

விவாகரத்து ஆயிற்று. நான் மந்தாரக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தேன். பண்ருட்டிக்காரி குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். அவளை நான் பண்ருட்டிக்காரி என்றே மனசுக்குள் வைத்திருந்தேன். அவள் என்ன கலர் புடவை கட்டுகிறாள், எந்தக் கடையில் காய்கறி வாங்குகிறாள் எல்லாம் எனக்குத் தெரியும். டவுன்ஷிப் அவ்வளவு சின்னது. அவனோ, மற்ற மருந்துக் கடைகளை எல்லாம் விட்டுவிட்டு, மாசம் தவறாமல் நான் நிற்கிற கவுண்டருக்கே வந்து பிரஷர் மாத்திரை வாங்கினான். "நல்லா இருக்கியா?" என்று வேறு கேட்பான். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான்.

பழைய வண்டி ஒன்று வாங்கினேன். ஸ்கூட்டர் இல்லை. கியர் வண்டி, நூற்றைம்பது சிசி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. போனில் வீடியோ பார்த்து ஓட்டினேன். டவுன்ஷிப் சாலைகள் நல்ல அகலம். ஷிப்ட் பஸ்கள் போய் முடிந்த பிறகு ஆள் நடமாட்டமே இருக்காது. கிளட்சை விட்டதும் வண்டி குதிரை மாதிரி துள்ளி நின்றுபோகும். ஒவ்வொரு தடவை நின்றபோதும் அந்த வார்த்தையை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சொன்னால் கோபம் வரும். கோபம் வந்தால் இன்னொரு தடவை உதைத்துக் கிளப்புவேன். முட்டியில் தோல் போயிற்று, சைலன்சர் சுட்டுக் காலில் தழும்பு விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலி மைதானத்தில் எட்டு போட்டேன். மேட்டில் நிறுத்தி எடுப்பதற்கு ரயில்வே மேம்பாலம். பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டத் திட்ட, பாலத்தின் நடுவில் நிறுத்தி, பின்னால் நழுவாமல் எடுப்பேன். பிறகு செஞ்சிக்கு ஒரு நாள், கல்வராயன் மலைக்கு இரண்டு தடவை, தனியாகப் போய்வந்தேன். எதற்காக இப்படிப் பழகுகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. அந்த விளம்பரத்தைப் பார்த்த அன்று தெரிந்துவிட்டது.

என் திட்டம் ரொம்பச் சின்னது. அவனுக்குச் சமமாக மலை ஏறவேண்டும். மேலே போனதும் ஹெல்மெட்டைக் கழற்றி, எல்லார் முன்னாலும் அவனைப் பார்த்து, "எங்க மூட்டை?" என்று கேட்கவேண்டும். என்ன குரலில் கேட்பது என்று கண்ணாடி முன்னால் ஒத்திகையே பார்த்திருந்தேன்.

கைடு ராசிபுரம் பக்கத்துக்காரர். முந்தின நாள் சாயங்காலமே நெய்வேலிக்கு வந்து, புதிதாகச் சேர்ந்தவர்களை எல்லாம் ஓட்டச் சொல்லிப் பார்த்தார். என்னை மேம்பாலத்திலேயே ஓட்டச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில் டவுன்ஷிப் ஆர்ச் கேட் பக்கத்தில் கூடினோம். நான் வண்டியை ஸ்டாண்டு போட்டு ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"நீயா?" என்றான்.

பண்ருட்டிக்காரி பக்கத்தில் நின்றாள். புது ஹெல்மெட், கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அதுவே எனக்கு அன்றைய முதல் லாபம்.

அவன் கைடிடம் போய், எனக்குக் கேட்கிற மாதிரியே பேசினான். "அண்ணா, இவங்க ஓட்டுறத செக் பண்ணீங்களா? நடு மலையில நின்னுட்டா நாங்கல்லாம் மாட்டிக்குவோம்."

"ஓட்டிப் பாத்துட்டுத்தானுங்க சேத்துருக்கேன்" என்றார் கைடு. அவ்வளவுதான். டீ கிளாஸை வைத்துவிட்டு விதிகளைச் சொல்ல ஆரம்பித்தார். யாரும் அவரைத் தாண்டக்கூடாது. வரிசை மாறக்கூடாது. மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விடவேண்டும், ஆனால் பஸ் வந்தால் சட்டம் பேசாமல் நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். வளைவில் பள்ளத்தைப் பார்க்காதீர்கள், போகவேண்டிய பக்கத்தைப் பாருங்கள்.

விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர். சமதரையில் அவன் நன்றாகத்தான் ஓட்டினான். நேர் சாலையில் பெரிய வண்டியை யார் ஓட்டினாலும் நன்றாகத்தான் இருக்கும். நான் கைடின் ஆளுக்கு முன்னால், கடைசியில் இருந்தேன். ஆத்தூரில் நின்றபோது கைடு வரிசையை மாற்றினார். தனக்கு அடுத்து அவன். அவனுக்கு அடுத்து நான்.

அவன் நண்பர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான். "செகண்ட் பொசிஷன்!" என்றான். நண்பர்கள் விசில் அடித்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. தனியாகப் போய்க் கைடிடம், "எதுக்குங்க இந்த வரிசை?" என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெளிய சொல்லாதீங்க. ரெண்டாவது எடத்துல கொஞ்சம் தடுமாறுறவங்களத்தான் வெப்போமுங்க. என் சக்கரத்தப் பாத்துக்கிட்டே வந்துருவாங்க. போன ட்ரிப்புல பாத்தேன், அவருக்குத் திருப்பத்துல கை பயப்படுது. மூணாவதா நிதானமா வர்ற ஆளு வேணும். அதான் உங்கள."

அதற்குப் பிறகு ராசிபுரம் வரை எனக்கு வெயிலே தெரியவில்லை.

காரவள்ளியில் மலை தொடங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் எழுபதில் எத்தனையாவது என்று பலகை வைத்திருக்கிறார்கள். முதல் சில வளைவுகளிலேயே கைடு சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. அவன் வளைவுக்கு வருமுன் வேகத்தைக் குறைப்பதில்லை. உள்ளே நுழைந்த பிறகு பயந்துபோய் பிரேக்கைப் பிடிப்பான். வண்டி அகலமாகப் போய்ச் சாலையின் மறு ஓரத்தைத் தொடும். பிறகு இடது காலை ஊன்றித் தள்ளுவான். பின்னால் பண்ருட்டிக்காரி அவன் ஜாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் முதுகு விறைத்திருப்பது எனக்குத் தெரிந்தது. அந்த விறைப்பு எப்படி இருக்கும் என்று என் முதுகுக்குத் தெரியும்.

நான் ஹெட்லைட்டைப் போட்டேன். அவன் கண்ணாடியில் நான் தெரிந்துகொண்டே இருக்கவேண்டும் என்பதற்காக. அவன் தலை அடிக்கடி கண்ணாடிப் பக்கம் திரும்பியது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் தடுமாற, நான் இரண்டாவது கியரில் அலுங்காமல் திரும்பி அதே இடைவெளியில் வந்து நின்றேன். ஒரு இடத்தில் கைடு கையைக் காட்டி, "தள்ளி வாங்க" என்று சைகை செய்தார். தள்ளி வந்தேன். லைட்டை மட்டும் அணைக்கவில்லை. அத்தனை வருஷத்தில் நான் அனுபவித்த சந்தோஷங்களை எல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாகாது.

பாதி மலைக்கு மேல் ஒரு வளைவில் பஸ் இறங்கியது. கைடு முன்பே ஒதுங்கி நின்று, கையை நீட்டி எல்லாரையும் நிறுத்தச் சொன்னார். நான் வளைவுக்குக் கீழேயே நிறுத்திவிட்டேன். அவன் நிற்கவில்லை. பஸ்ஸுக்கும் மலைக்கும் நடுவில் நுழைந்துவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ. பஸ்ஸின் பின்பக்கம் வளைவை அடைத்துக்கொண்டு வந்தது. அவன் பிரேக்கைப் பிடித்தான், இன்ஜின் நின்றது, வண்டி பின்னால் உருண்டது. பண்ருட்டிக்காரி குதித்துவிட்டாள். வண்டி அவனோடு சேர்ந்து மலைப்பக்கத்துச் சாக்கடையில் சாய்ந்தது.

பள்ளத்துப் பக்கம் விழவில்லை. யாருக்கும் பெரிய அடி இல்லை. அவள் உள்ளங்கையில் தோல் வழன்றிருந்தது. அவன் வலது கையை உதறிக்கொண்டே எழுந்தான். பஸ் டிரைவர் தலையை நீட்டித் திட்டிவிட்டுப் போனார். எல்லாரும் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள். நானும் போனேன். இப்போதே அந்த வார்த்தையைச் சொல்லிவிடலாமா, மேலே போகிற வரை எதற்குக் காத்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

அவன் என்னைப் பார்த்து, "இவ வேணும்னே ஒட்டிக்கிட்டு வந்தா" என்றான்.

"அவங்க அங்க கீழ நிக்கிறாங்க" என்றார் கைடு.

உடனே அவன் பண்ருட்டிக்காரியிடம் திரும்பினான். "எல்லாம் உன்னாலதான். எத்தன தடவ சொல்றது? மூட்டை மாதிரி உக்காந்திருந்தா வண்டி எப்படித் திரும்பும்?"

எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அது என்னுடைய வார்த்தை. அத்தனை வருஷம் எனக்கென்று வைத்து, நான் பொத்திப் பொத்தி வளர்த்து, அன்றைக்கு அவன் மேல் வீசுவதற்காகக் கொண்டுவந்த வார்த்தை. அவன் அதைப் பத்துப் பேர் முன்னால் இன்னொருத்தி மேல் எறிந்துவிட்டான். அவன் சொன்ன லாவகத்தைப் பார்த்தால் அது முதல் தடவை இல்லை என்றும் தெரிந்தது.

கைடும் இன்னொருவரும் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். லெக் கார்டு கம்பி வளைந்திருந்தது. ஓடுகிற நிலையில்தான் இருந்தது. அவன் ஏறி உட்கார்ந்து, "ஏறு" என்றான்.

"மாட்டேன்" என்றாள் அவள்.

"ஏறுடி. எல்லாரும் நிக்கிறாங்க இல்ல?"

"இந்த வண்டில இனிமே குந்த மாட்டேன்." சத்தமாகவே சொன்னாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள். "அக்கா, உங்க பின்னாடி குந்திகினு வரட்டுமா?"

யாருக்கு யார் என்ன உறவு என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டேன் என்று எழுதினால் அது பொய். அவள் கையில் ரத்தம் கசிந்ததைப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் பார்த்தது அவன் முகத்தை. அந்த முகத்துக்கு எந்தப் பதில் அதிகமாக வலிக்கும் என்று பார்த்தேன்.

"வா" என்றேன்.

ஒரு திருப்பம் நெருங்கியபோது, "கண்ண மூடிக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

"மூடாத. நான் எந்தப் பக்கம் பாக்குறேனோ அந்தப் பக்கம் பாரு. அது போதும்."

பார்த்தாள் போலிருக்கிறது. வண்டி லேசாகத் திரும்பியது. மூன்று நான்கு வளைவு தாண்டியதும் என் காதுப்பக்கம் குனிந்து, "உங்களையும் அப்பிடித்தான் சொல்லுவாரா?" என்றாள்.

"எப்படி?"

"மூட்டைன்னு."

"எனக்கு மட்டும் வச்ச பேருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றேன்.

அவள் என் இடுப்பைப் பிடித்திருந்த கை கொஞ்சம் இறுகியது. எனக்கு அந்தக் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் தட்டிவிட இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தன.

செம்மேட்டில் தங்குமிடம். மதியச் சாப்பாட்டில் அவனுடைய நண்பர்களே ஆரம்பித்துவிட்டார்கள். "என்னப்பா, செகண்ட் பொசிஷன், லோடு கொறஞ்சிடுச்சா?" ஒருவர் சிரித்தார், மேசையே சிரித்தது. கூடத்தில் கேட்ட அதே மாதிரிச் சிரிப்பு. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நான் ரசம் இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன். மேலே வந்ததும் சொல்ல நினைத்திருந்ததைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் போயிருந்தது. அதில் எனக்கு ஒரு ஏமாற்றமும் இருந்தது.

வெயில் இறங்கிய நேரத்தில், மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்குப் பக்கத்தில் நான் தனியாக நின்றபோது அவன் வந்தான்.

"போதுமா?" என்றான்.

"போதாது."

"நாளைக்கு எறங்கும்போது அவள என் கூட வரச் சொல்லு. எவனோ போட்டோ எடுத்து குரூப்ல போட்டுட்டான். ஷிப்ட்ல தலை காட்ட முடியாது." பிறகு என்ன நினைத்தானோ, "சொல்லுங்க" என்று திருத்தினான்.

"அவ உங்க பொண்டாட்டி. நீங்க சொல்லுங்க."

"கேக்க மாட்டேங்குறா."

"எனக்கு அது சந்தோஷமா இருக்கு" என்றேன்.

அவன் என்னை உற்றுப் பார்த்தான். "நீ இவ்வளவு கெட்டவளா இருப்பேன்னு நான் நெனைக்கல."

"நானும் நெனைக்கல" என்றேன். நிஜமாகவே நினைத்ததில்லை.

காலையில் அவன் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. கைடு என்னைக் கூப்பிட்டார். மருந்துக் கடைக்காரி என்று முதலுதவிப் பெட்டியை என்னிடம்தான் கொடுத்திருந்தார். எலும்பு முறிவு மாதிரி தெரியவில்லை, ஊருக்குப் போனதும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொன்னேன். கிரேப் பேண்டேஜைச் சுற்றும்போது நன்றாக இறுக்கிவிட ஒரு ஆசை வந்தது. அவன் பற்களைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். நான் இறுக்கவில்லை. சரியாகத்தான் கட்டினேன். அது என் தொழில், அதில் அவனுக்கு இடம் கிடையாது.

"இந்தக் கையால பிரேக் புடிக்க முடியுங்களா?" என்று கைடு கேட்டார்.

உண்மையைச் சொன்னேன். "முடியாதுங்க. இறக்கத்துல முடியவே முடியாது." உண்மையைச் சொல்வதில் அவ்வளவு ருசி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

கைடு முடிவு செய்துவிட்டார். யாராவது பின்னால் உட்கார்ந்து வரட்டும், இல்லாவிட்டால் பஸ். அவனுடைய வண்டியை, இன்னொரு வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த ஒருவர் ஓட்டிவருவார். "யார் பின்னாடி குந்துறீங்க?" என்று கேட்டபோது, நண்பர்கள் முகத்தை அவன் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

"பஸ்லயே போறேன்" என்றான். பிறகு அவளிடம், "வா, பஸ்ல போலாம்."

"எனக்கு இந்த வளைவுல பஸ்ஸுன்னா வாந்தி வரும்" என்றாள் அவள். "நீங்க போங்க. நான் அக்காவோட வரேன்."

ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் பஸ் ஏறினான். நாங்கள் கைடுக்குப் பின்னால் நிதானமாகக் கிளம்பினோம். இன்ஜின் வேகத்தை வைத்தே இறங்கவேண்டும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடவேண்டும் என்று கைடு சொல்லியிருந்தார். சில வளைவுகள் இறங்கியதும் முன்னால் அதே பஸ். கடைசி சீட்டில், பின்கண்ணாடி ஓரத்தில் அவன். மடியில் ஹெல்மெட். பஸ் திரும்பும்போதெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டிருந்தான். எங்களைப் பார்த்துவிட்டான். பார்த்த பிறகு முகத்தை எங்கே திருப்புவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கொஞ்சம் நேரான இடம் வந்ததும் பஸ் டிரைவர் கையைக் காட்டி வழி விட்டார். கைடு தாண்டினார். அடுத்தது நான். என் வண்டியில் ஹாரன் நன்றாகக் கேட்கும். நீளமாக அடித்தேன். தேவையே இல்லை, வழிதான் கிடைத்துவிட்டதே. இருந்தாலும் அந்தப் பஸ்ஸின் நீளம் முழுக்க அடித்துக்கொண்டே போனேன். பின்னால் இருந்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கிறாளா என்று கண்ணாடியில் பார்த்தேன். அவள் நான் பார்க்கிற பக்கம், முன்னால் வருகிற வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரவள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கிருந்து அவன் தன் வண்டியிலேயே, வேறொருவருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தான். அவள் நெய்வேலி வரை என்னோடு வந்தாள். ஆர்ச் கேட்டில் இறங்கி, "இங்கேருந்து அவரோட ஆட்டோல போறேன்க்கா. பக்கத்து குவார்ட்டர்ஸ்ல பாப்பாங்க" என்றாள். சரி என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் அவனோடுதான் இருக்கிறாள், இன்றைக்கும். அவன் திருந்திவிட்டானா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

ஆனால் போட்டோ டவுன்ஷிப் முழுக்கச் சுற்றியது. நான் ஓட்ட, அவன் பெண்டாட்டி பின்னால் உட்கார்ந்திருக்க, ஓரத்தில் அவன் வளைந்துபோன லெக் கார்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற படம். வாட்ஸாப் குழுவிலிருந்து அவன் விலகிவிட்டான். பிரஷர் மாத்திரைக்கு வடலூர் போகிறானாம். என் மேல் அக்கறை உள்ளவர்கள், "பழி தீந்துடுச்சில்ல, இனிமே மறந்துடு" என்கிறார்கள். தீரவில்லை. குறைந்திருக்கிறது. அந்த ஹாரன் சத்தத்தை நினைத்துக்கொண்டால் எனக்கு இப்போதும் தூக்கம் நன்றாக வருகிறது. அதற்காக நான் வெட்கப்படவும் இல்லை.

போன மாசம் ஒரு மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் பண்ருட்டிக்காரி வந்தாள். ஒன்றும் வாங்கவில்லை. கவுண்டர் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டே நின்றாள்.

"எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுப்பீங்களாக்கா?"

"அவர் ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்க மாட்டாரு."

அப்படியானால் சரி என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்கு வரச் சொன்னேன். சுடிதார் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு வந்தாள். வண்டியில் உட்கார்ந்தாள், இரண்டு காலும் தரையில் சரியாக எட்டவில்லை. கிளப்புவதற்கு முன் என் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? என் மேல இருந்த கோவம் போயிடுச்சாக்கா?"

"இல்ல" என்றேன்.

அவள் குனிந்து ஹேண்டில்பாரைப் பார்த்தாள்.

"சரி" என்றாள். "இதுல கிளட்ச் எது, அக்கா?"